இரண்டாவது காற்புள்ளி

17 நவம்பர் 1998, செவ்வாய்
காலையிலிருந்து மழை. முகப்பேரில் மின்சாரம் இருமுறை போய் வந்தது. வங்கியில் கெஞ்சி வாங்கிய ஃப்ளாப்பி: என் ஓராண்டுக் கணக்கு, எழுத்துக் கோப்பாக. மகள் அனுப்பிய வீட்டுக் கணக்கு மென்பொருள் அதை அப்படியே ஏற்காது. தேதிக்கு ஒரு வரி, தொகைக்கு ஒரு வரி, முடிவில் ஒரு ^ குறி. தொகைக்குள் காற்புள்ளி கூடாது. மாற்றித்தர ஒரு புரோகிராம் எழுதினேன், நாற்பது வரி. வங்கி தந்த இருப்புப் பத்தியை நீக்கிவிட்டேன். கூட்டத் தெரிந்தவனுக்கு அது எதற்கு?
மனைவி சரோஜா: "பாஸ்புக்குல இல்லாதது இதுல இன்னா இருக்குது?"
வாங்க: மெழுகுவர்த்தி, இருமல் மருந்து, ஃப்ளாப்பி 2.

19, வியாழன்
வெயில். கோப்பு ஏறியது. சம்பளம் சரி. மின் கட்டணம் சரி. 9ஆம் தேதி வரவு: தம்பி முருகேசன், 110.00.
கோவில்பதாகையில் அப்பாவின் மனையை விற்றவன் அவன். "உன் பங்க அக்கவுண்ட்ல போட்டுட்டேண்ணே" என்று போனில் சொன்னான். எவ்வளவு என்று கேட்பது என் வழக்கமன்று. லட்சத்துக்குக் குறையாது என்றிருந்தேன். மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் நூற்றுப்பத்து ரூபாய்.
பள்ளியில் அவன் கணக்கில் தோற்றபோது பலர் முன் சிரித்தவன் நான். அதற்கான பதில் போலும். ஞாயிறு அவன் மகளுக்கு நிச்சயம். போவேன்.

22, ஞாயிறு
போனேன். மாப்பிள்ளை வீட்டார் ஆவடியிலிருந்து வந்து கூடத்தில் அமர்ந்திருந்தனர். முருகேசனிடம் உறையை நீட்டினேன். "நீ போட்ட நூற்றுப்பத்து ரூபாய். உனக்கே தேவைப்படும். எண்ணிக்கொள்." குரலை உயர்த்தவில்லை. கூடம் முழுக்கக் கேட்டது.
"இன்னாண்ணே சொல்ற? ஒண்ணியும் பிரியலயே."
மாப்பிள்ளையின் தந்தை: "இன்னா சம்பந்தி, எதுனா பிரச்சினையா?"
முருகேசன் உறையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு சிரித்தான். "அதெல்லாம் இல்ல சம்பந்தி. எங்கண்ணன் எம்மெஸ்ஸி கணக்கு. மொய்யக்கூட எண்ணித்தான் குடுக்கும்."
எல்லோரும் சிரித்தனர். சாப்பிடாமல் கிளம்பினேன். வாசல்வரை வந்தவன் மெதுவாக, "பாஸ்புக்க எண்ட்ரி போட்டுப் பாருண்ணே" என்றான். சரோஜா என்னுடன் வரவில்லை. மாலைப் பேருந்தில் தனியே வந்தாள்.

23, திங்கள்
காலையில் சரோஜா பாஸ்புக்கை என் பையில் வைத்தாள். வங்கியில் அரை மணி வரிசை. அச்சாகி வந்தது:
9ஆம் தேதி, 1,10,000.00.
கடைசி வரி, இன்றைய தேதி. ரொக்கம், 110.00.
கவுன்ட்டரில் இருந்தவர்: "உங்க தம்பி கதவு தொறந்ததும் வந்துட்டாரு சார். நூத்திப்பத்து ரூபாய்க்கா செலான்னு கேட்டேன். எங்கண்ணன் காசு எங்கிட்ட இருக்கக் கூடாதுன்னாரு."
வீட்டுக்கு வந்ததும் புரோகிராமைத் திறந்தேன்.
பிழை 27ஆம் வரியில். ஒரு காற்புள்ளியை மட்டுமே நீக்கும்படி எழுதியிருக்கிறேன். இரண்டாவதைக் கண்டதும் தொகை முடிந்ததென்று நின்றுவிடுகிறது. முப்பது வருட உத்தியோகத்தில் இரண்டு காற்புள்ளி உள்ள தொகை எதுவும் என் கணக்கில் வந்ததில்லை. வரக்கூடும் என்று தோன்றவும் இல்லை. நீக்கிய இருப்புப் பத்தியை ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.
திருத்த நான்கு நிமிடம். மீண்டும் ஓட்டினேன். 9ஆம் தேதி வரவு சரியாக ஏறியது. இன்றைய 110.00ஐக் கையால் ஏற்றினேன்.

24, செவ்வாய்
மழை. விடுப்பு. போனை எடுத்தேன். சரோஜா: "போன்லலாம் வேணாம். அத்தினி பேரு முன்னால பேசுனீங்க இல்ல? ஒவ்வொரு ஊடா போங்க."
முதலில் ஆவடி குவார்ட்டர்ஸ். "வாங்க சார், மொய் எண்ணியாச்சா?" என்று மாப்பிள்ளையின் தந்தை சிரித்தார். நின்றபடியே சொன்னேன்: முருகேசன் எனக்குத் தந்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். தவறாகப் படித்தவன் நான். மொய் நான் இன்னும் வைக்கவில்லை. அவர் சிரிப்பு நின்றது. நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை.
பிறகு கோவில்பதாகை, முருகேசன் வீடு. கதவைத் திறந்தது நிச்சயமான பெண். "அப்பா ஊட்ல இல்ல பெரியப்பா" என்றாள், என் முகத்தைப் பாராமல். உள்ளே அவன் செருமும் சத்தம்.
படியில் அவன் செருப்பு நனைந்துகொண்டிருந்தது. குனிந்து எடுத்து, உள்ளே தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.