எங்கே இடிச்சது?

மார்ச் 3, திங்கள்

இந்த வாரமும் ராத்திரி ஷிப்ட்தான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒரு மெஷின் படுத்துவிட்டது. விரிப்பையெல்லாம் கையால் பிழிந்து தோள்பட்டை கழன்றே போச்சு. வந்த கையோடு நாத்தனாரை வேலைக்குக் கொண்டுபோய் விட்டேன். சின்னவள் என்று பேர்தான், வாய் பெரியவளுக்கும் பெரியது. இந்த வீட்டில் முணுமுணுக்காமல் உழைக்கிற ஒரே ஜீவன் என் ஸ்கூட்டர் கிளி. வண்டிகளுக்கு ஒடுக்கெடுத்துப் பெயிண்ட் அடிக்கிற தன் பட்டறையில் மிச்சம் கிடந்ததையெல்லாம் கலந்து என் வீட்டுக்காரர் அடித்துக்கொடுத்த பச்சை. “இன்னொரு தரம் கலக்கச் சொன்னா எனக்கே வராது” என்பார் பெருமையாக.

மார்ச் 5, புதன்

இடது மணிக்கட்டில் கட்டு. நல்ல வேளை, எழுதுகிற கை தப்பித்தது.

நேற்றுக் காலை ஷிப்ட் முடிந்து சின்னவளை ஏற்றிக்கொண்டு போனேன். குடோன் வளைவில் பின்னாலிருந்து வந்த ஒரு கறுப்புக் கார் உரசிவிட்டுப் போனது. விழுந்தோம். கார் கொஞ்ச தூரம் தள்ளி நின்றது, பிரேக் விளக்கு எரிந்தது. சரி, இறங்கி வருவார்கள் என்று நினைத்தேன். விளக்கு அணைந்தது. போயே போய்விட்டது. நம்பரைப் பார்க்கத் தோன்றவில்லை, சின்னவள் அப்படி அலறினாள். அவளுக்குக் கால் முறிந்து மாவுக்கட்டு.

அவள் காரையே பார்க்கவில்லை. போனுக்குள் தலையை விட்டிருந்தாள். “அண்ணி, ராத்திரி பூரா முழிச்சிருந்தீங்களே... கண்ணு சொக்கிடுச்சா?” என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாவம் பார்த்துக் கேட்டாள்.

மார்ச் 6, வியாழன்

புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் பட்டறையிலிருந்து கிளியை நேராக அங்கே ஓட்டி வந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த போலீஸ்காரர் வெளியே வந்து வண்டியை ரெண்டு சுற்று சுற்றினார்.

“ஷோரூம்லேர்ந்து இப்பதான் எடுத்த மாதிரி இருக்கு. எங்கேம்மா இடிச்சது?”

நானும் அப்போதுதான் வண்டியைப் பார்த்தேன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்றே அவர் ஒடுக்கெடுத்து, தேய்த்து, பழைய டப்பாவை வழித்து அந்தப் பச்சையை அடித்து முடித்திருக்கிறார்! “கறுப்பா ஒரு கோடு இருந்துச்சு சார். ரோட்டுத் தார்னு நினைச்சு தின்னர் போட்டுத் துடைச்சுட்டேன்” என்றார் அவர். போலீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பட்டறைத் தெருவில் எந்த வண்டி வந்தாலும் எங்கே இடிச்சது என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் ஆள் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவான். ஒடுக்கைப் பார்த்தால் நிமிர்த்த வேண்டும், அவ்வளவுதான் தொழில்.

“எழுதிக்கறேன்மா. ஆனா நம்பர் இல்ல, சாட்சி இல்ல, ஒரு கீறல்கூட இல்ல. நான் எதை வச்சுத் தேடுவேன்?”

“அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?” என்று வழியெல்லாம் கேட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தார். “ஒடுக்கைப் பார்த்துட்டு நீ தூங்கிட்டேன்னு எழுதிடுவாங்களோன்னு பயந்துட்டேன்.”

மார்ச் 7, வெள்ளி

ஆக, அவரும் அப்படித்தான் நினைக்கிறார். கட்டின புருஷனே நம்பலைன்னா யார்கிட்ட போய் நிக்கிறது?

மார்ச் 9, ஞாயிறு

கிளியின் சாவியை அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டார். எனக்கு எட்டாத தட்டு.

ஒற்றைக் கையால் சின்னவளுக்குத் தலை வாரிவிட்டேன். “பேன் பாக்கற குரங்கு தேவலாம்” என்றாள். ரெண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் மெதுவாக, “கால் சரியானதும் நான் பஸ்லயே போய்க்கறேன் அண்ணி” என்றாள்.

ஒருவேளை தூங்கித்தான் போனேனா? தூங்கினவளுக்குப் பிரேக் விளக்கு எப்படித் தெரியும்? கனவா? — ஐயோ, எனக்கே சந்தேகம் வந்துவிட்டதே. படுத்தால் தூக்கம் வருவதில்லை. கண்ணை மூடவே பயமாக இருக்கிறது.

மார்ச் 12, புதன்

மத்தியானமே வந்து நின்றார். கையெல்லாம் பெயிண்ட். “நீ தூங்கல” என்றார்.

“அதைத்தானே இத்தனை நாளா கத்திக்கிட்டிருக்கேன்!” அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. என்னென்னவோ திட்டினேன். வாங்கிக்கொண்டு நின்றார்.

பக்கத்துப் பட்டறைக்காரர் — தட்டித் தட்டிக் காது மந்தமானவர், எல்லோருக்கும் ‘தகரம்’ — ஒரு கறுப்புக் காருக்கு நிறம் சேர்க்க இவரைக் கூப்பிட்டிருக்கிறார். குனிந்தால், கதவுக்குக் கீழே பச்சைக் கீறல். இவருடைய பச்சை.

“எங்கே சார் இடிச்சது?” என்று கேட்டேவிட்டாராம். தெருவே திரும்பிப் பார்த்ததாம்.

“வீட்டு கேட்ல” என்றானாம் கார்க்காரன்.

“உங்க வீட்டு கேட்டுக்கு நான் பெயிண்ட் அடிச்சதே இல்லையே?”

போலீஸுக்குப் போன் போட்டுவிட்டார். “தொழில்ல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா!” என்று தகரம் குதித்தாராம். ஒடுக்கைப் பார்த்தாலே கை பரபரக்கிற மனுஷன், கையைக் கட்டிக்கொண்டு அந்தக் கீறலுக்குக் காவல் நின்றிருக்கிறார்.

மார்ச் 13, வியாழன்

ஸ்டேஷனில் அந்த ஆள் ஒத்துக்கொண்டான். பயந்துட்டானாம். நின்று பார்த்தானே, அப்புறமும் போனானே! கேட்க ஆயிரம் இருந்தது. உட்கார ஒரு நாற்காலி கிடைக்குமா என்றுதான் கேட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் சாவி கீழ்த்தட்டில் இருந்தது. இந்தக் கையை வைத்துக்கொண்டு இப்போதைக்கு ஓட்ட முடியாது. இருந்தாலும் எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

சாயங்காலம் சின்னவள் உலுக்கி எழுப்பினாள். “என்ன அண்ணி, இப்படி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறீங்க!” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“ஆமாடி, தூங்கிட்டேன்” என்றேன்.