இரண்டு அமைச்சர்களின் கையெழுத்து

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அங்கே உடம்பைப் பார்த்துக்கொண்டால் எனக்கு அதுவே போதும்.

இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் ஆகிவிட்டது, மிச்சத் தண்டனையை நம் நாட்டுச் சிறையிலேயே கழிக்கலாம், மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் அனுப்ப மாட்டார்கள், அதனால் அதை வாபஸ் வாங்கப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நின்றபடியே படித்தேன். இஸ்திரிப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வக்கீலம்மாவிடம் ஓடினேன். விரிப்பு தீய்ந்து, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

ஒப்பந்தம் போட அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு என்கிறார் வக்கீலம்மா. அதைச் சட்டமாக்குவது நாடாளுமன்றத்தின் வேலையாம். அந்த நாட்டு நீதிபதி கொடுத்த தண்டனைக்கு இங்கே உங்களைப் பூட்டிவைக்க இன்னும் சட்டமே இல்லையாம். மசோதா கூட வரவில்லை. அமைச்சர் கையெழுத்தே போதும் என்றால், நம்மைக் கேட்காமலே வெளிநாட்டில் உட்கார்ந்து நமக்குச் சட்டம் போட்டுவிடுவாரே, அரசியல் சாசனம் அதற்குத்தான் இடம் கொடுக்கவில்லை என்றார். நியாயம்தான். நியாயமாக இருப்பதால் யாரோடு சண்டை போடுவது என்று தெரியவில்லை. எனக்கு அலுத்துவிட்டது.

மாமாவிடம் சொன்னேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே என்று சிரித்தார். கையெழுத்தானதை டிவியில் பார்த்த அன்றே, மகன் வந்தால் படுக்க வேண்டும் என்று உள்ளறையைக் காலி செய்து, தன் கட்டிலை வாசல் பக்கம் போட்டுக்கொண்டவர். ராத்திரியெல்லாம் குளிர்காற்றில் இருமுகிறார். உள்ளே வாருங்கள் என்றால் கேட்பதில்லை. நாடாளுமன்றம் கூடிவிட்டதா என்று காலையில் என்னைத்தான் கேட்கிறார். நம் பெண்ணும் அந்த அறைக்குள் போவதில்லை, அப்பா அறையாம்.

உங்களுக்கும் அலுத்திருக்கும், தெரியாமல் இல்லை. ஆனால் நீங்கள் ஓட்டிய லாரியில் பிரேக் பிடிக்காமல்தான் அந்த விபத்து நடந்தது என்பதை யாராவது காது கொடுத்துக் கேட்பதென்றால் அந்த மேல்முறையீட்டில்தான். அதையும் விட்டுவிட்டால் அங்கேயும் வழியில்லை, இங்கேயும் வழியில்லை.

இரண்டு அமைச்சர்கள் போட்ட கையெழுத்து இன்னும் செல்லவில்லை. வாபஸ் மனுவில் நீங்கள் போடும் கையெழுத்து அன்றைக்கே செல்லும். தயவுசெய்து போடாதீர்கள்.

கதவைத் தாழிடாமல் காத்திருக்கும்,
உங்கள் மனைவி