பிரேக்கைப் பாரிசில் விட்டுவிட்டு வந்த மருந்து

அக்கா,

நேற்று உன் முதல் வருஷத் தெவசம். ரெட்டியார்பாளையத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால், உன் வீட்டுக்காரர் கையில் சானிடைசர் பாட்டிலோடு நிற்கிறார். கொரோனா ஊரை விட்டு, நாட்டை விட்டு, அநேகமாகப் பூமியை விட்டே கிளம்பிப் போன பிறகும் அவர் அந்தப் பாட்டிலை விடுவதாக இல்லை. கையை நீட்டினேன். தேய்த்தேன். குப்பென்று ஸ்பிரிட் வாசனை எழுந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அது நீ தடவிக்கொண்ட ஹார்மோன் ஜெல்லின் வாசனை. காலையில் குளித்துவிட்டு வந்து, தோளிலிருந்து முழங்கை வரை அதைத் தடவி, காயட்டும் என்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வராந்தாவில் நிற்பாயே, அந்த வாசனை. தலையில் சிவப்புத் தொப்பி ஒன்றுதான் குறை. மற்றபடி நம் ஊர் டிராபிக் போலீசேதான். நான் கேட்டருகில் சடாரென்று நின்று, கை காட்டினால்தான் உள்ளே வருவேன் என்று அடம்பிடிப்பேன். "வாடா, சிக்னல் போட்டாச்சு," என்பாய்.

போன வருஷம் வில்லியனூர் ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி பின்னால் வந்து மோதி உன்னைக் கொண்டுபோனது. இதை ஏன் உனக்கே சொல்கிறேன் என்று கேட்பாய். உனக்கும் எனக்கும் அந்த லாரி டிரைவருக்கும் தெரிந்த இந்தச் செய்தி உன் சொந்தக்காரர்களுக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை. நீ போனது அந்த ஜெல்லால்தானாம். நேற்று உனக்குப் படைத்த வடையை மென்றுகொண்டே தீர்ப்புச் சொன்னார்கள்.

ரெட்டியார்பாளையம் உச்ச நீதிமன்றத்தை உனக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தலைமை நீதிபதி உன் வீட்டுக்காரர். பக்கத்து நாற்காலியில் நம் சித்தப்பா, வாட்ஸ்அப் என்னும் அகில உலக மருத்துவக் கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவர். மூன்றாவது நீதிபதி வீடியோ காலில். வேறு யார், ஒன்றுவிட்ட அண்ணனைக் கட்டிய நம் பாரிசு அண்ணிதான். வழக்கு, உன் மகள் கவிதாவுடையது.

அவளுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. அதற்குள் மாதவிலக்கு நின்றுவிட்டது. சினைப்பை சீக்கிரமே ஓய்ந்துபோயிற்று என்று பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். ஹார்மோன் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு கரையும் என்கிறார் டாக்டரம்மா. கூடவே கூடாது என்கிறது நீதிமன்றம். ஜெல்லும் மாத்திரையும் சீட்டும் ஒரு மாதமாக அவள் அலமாரியிலேயே கிடக்கின்றன. இந்த வயதில் அவள் எலும்பு கரைவதா, இல்லையா என்பது நேற்று உன் சாப்பாட்டு மேசையில் வாழை இலைகளுக்கு நடுவே தீர்மானமாக இருந்தது.

எனக்குப் பழசெல்லாம் கிளம்பிவிட்டது, அக்கா.

புதுச்சேரியில் பிரேக் எது, ஹாரன் எது என்று தெரிந்த பெண்கள் அத்தனை பேரும் உன்னிடம் ஸ்கூட்டர் பழகியவர்கள். அவர்களை ஒருவர் பின்னால் ஒருவராக நிறுத்தினால் வரிசை உப்பளத்து மைதானத்தில் தொடங்கிக் கடலைத் தாண்டிப் போகும். வண்டி ஓட்டுவது ஆபத்து என்று பயந்து வருகிற ஒவ்வொருத்தியிடமும் நீ ஒரே கேள்வி கேட்பாய். "எதைவிட? உன் தம்பி பின்னாடி உக்காந்து போறதைவிடவா?" அவளும் தன் தம்பி ஓட்டுகிற அழகை ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்வாள்.

உனக்கு ஐம்பதைத் தாண்டிய சமயத்தில் உடம்புக்குள் உலை கொதிக்க ஆரம்பித்தது. மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் ஆகியும் அந்தச் சூடு மட்டும் நிற்கவில்லை. மார்கழியிலும் உன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கவிழ்த்தால் ஊசுட்டேரி நிரம்பும். தூக்கம் போயிற்று. ஒரு நாள் மைதானத்தில் கண் செருகி, வலது பக்கம் திரும்பச் சொல்ல வேண்டிய இடத்தில் இடது என்று சொல்லிவிட்டாய். அந்தப் பெண் கரும்புச் சாறு வண்டிக்குள் பாய்ந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாறு வண்டிக்காரர்கூடச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நீதான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாய். "இதோட நிறுத்திக்கறேன்டா," என்றாய். நீ தோற்றுப்போய்ப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அப்போதுதான் பாரிசிலிருந்து கருணை தேவதை இறங்கினாள். அண்ணியின் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அந்தப் பெருமையில் அவள் பெட்டிகூட நம்மிடம் பிரெஞ்சில்தான் பேசும். லீவுக்கு வரும்போதெல்லாம் அதற்குள்ளிருந்து சாக்லேட், சென்ட்டு, பாலாடைக்கட்டி, தலைவலி மாத்திரை எல்லாம் வரும். பிரான்சு மாத்திரை என்றால் தலைவலி அதைப் பார்த்தாலே எழுந்து நின்று சல்யூட் அடிக்கும் என்பது நம் குடும்பத்தின் நம்பிக்கை. அந்தத் தடவை ஜெல் வந்தது. "நான் தடவிக்கிறதுதான், உனக்கும் ரெண்டு பாட்டில் கொண்டாந்தேன். அங்க எல்லாரும் இதான்," என்று கொடுத்தாள். நீ மெர்சி சொல்லி வாங்கிக்கொண்டாய். டாக்டர் எதற்கு, சீட்டு எதற்கு? பாரிசே நேரில் வந்து கொடுக்கும்போது கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் போய் எவன் டோக்கன் போட்டுக்கொண்டு நிற்பது?

நீ தூங்கினாய். வேர்வை நின்றது. அண்ணி அடுத்த லீவுக்கும் பாட்டில் கொண்டுவந்தாள். அப்புறம் ஒரு நாள் உனக்கு ரத்தம் பட்டது.

அடடா, அன்றைக்கு வீட்டில் ஒரு திருவிழாவே நடந்தது. நின்றுபோன மாதவிலக்கு திரும்பி வந்துவிட்டதாம், வயசு பின்னால் போகிறதாம். பிரெஞ்சு விஞ்ஞானத்தின் வெற்றி என்று அண்ணி போனில் ஆனந்தப்பட்டாள். சித்தப்பா உன் முகத்தில் புதுக் களையைக் கண்டுபிடித்தார். உன் வீட்டுக்காரர் மீசைக்கு மை வாங்கிக்கொண்டு வந்தார். இத்தனை பேரில் தலைக்குள் ஏதோ இருந்தது உனக்கு மட்டும்தான்.

"வயசு திரும்பி வந்தா முதல்ல முட்டிக்கில்ல வரணும்? அது இன்னும் கடகடங்குது. டேய், வண்டில ஏறு," என்றாய்.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவின் வாசலில் வந்து நிற்க உன் வீட்டுக்காரருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. எனக்குக் கௌரவம் என்று தனியாக ஒன்று இல்லாததால் நான் உன் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையின் உள் சவ்விலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நீ ஒரு வகுப்பைக்கூட ரத்து செய்யவில்லை. முடிவு வந்த அன்று டாக்டரம்மா என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். சவ்வு தடித்திருக்கிறது, புற்றுநோய் இல்லை, ஆனால் இப்படியே விட்டிருந்தால் அந்தப் பக்கம் போயிருக்கலாம்.

"யாரு எழுதிக் குடுத்தாங்க?" என்று கேட்டார். நீ அண்ணியின் பெட்டியைப் பற்றிச் சொன்னாய். அந்த அண்ணிக்குக் கர்ப்பப்பை இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதை எப்போதோ எடுத்தாயிற்றே என்றாய். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அவங்களுக்கு இது மட்டும் போதும்மா. கர்ப்பப்பை இருக்கிறவங்களுக்கு இதைத் தனியா குடுக்கவே கூடாது. இது சவ்வை வளத்துக்கிட்டே போகும். அதை அடக்க இன்னொரு மருந்து கூடவே இருக்கணும்."

"அப்போ ஆக்சிலேட்டரை மட்டும் அனுப்பிட்டு பிரேக்கைப் பாரிசுலயே விட்டுட்டாங்கன்னு சொல்லுங்க," என்றாய்.

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தோம். காலையில் அமிர்தமாக இருந்தது மதியம் ஆலகால விஷம் ஆகியிருந்தது. அதே வாய்கள்தான். தொட்டாலே கேன்சர், முகர்ந்தாலே கேன்சர், பாட்டில் இருக்கிற தெருவில் நடந்தாலே கேன்சர் என்று சித்தப்பா முழங்கினார். வாயில் புகையிலை. மாலையில் சாப்பிடப்போகிற பிராந்தி இடுப்பில் காத்திருந்தது. புற்றுநோயை வெற்றிலைப் பாக்கு வைத்து அழைக்கிறவர் உனக்கு அதைப் பற்றி வகுப்பெடுத்தார். அண்ணியோ, தான் கொடுத்தது வெறும் தோல் கிரீம் என்று நினைத்ததாகச் சொன்னாள். உன் வீட்டுக்காரர் பாட்டிலைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, குடும்பத்தைக் காப்பாற்றிய களைப்பில் படுத்துக்கொண்டார். இனி நீ தூங்குவாயா என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒரு ஜீவன் இல்லை. மருந்தால் உனக்கு என்ன வரும் என்று கணக்குப் போட ஆயிரம் பேர். மருந்தில்லாமல் நீ என்ன ஆவாய் என்பது அவர்களுக்குக் கணக்கிலேயே வராது. வேர்ப்பது அவர்களுக்கு இல்லையே.

நீ யாருடனும் சண்டை போடவில்லை. தடித்த சவ்வு சரியாகும்வரை டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டாய். மறு சோதனையில் எல்லாம் சரி என்றானதும், அவர் எதிரில் நிதானமாக உட்கார்ந்து, வண்டி வாங்குகிறவள் மாதிரி கேட்க ஆரம்பித்தாய். இரண்டு மருந்தும் சேர்த்துப் பல வருஷம் எடுத்தால் மார்பில் புற்றுநோய் வருகிற வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்றார் அவர்.

"கொஞ்சம்னா, எதைவிட?"

உன்னைப் போலவே இருந்து இதை எடுக்காத ஒருத்தியைவிட என்றார். எத்தனை வருஷம் எடுக்கிறாய், எந்த வயதில் தொடங்குகிறாய், எந்த மருந்து என்பதைப் பொறுத்து அது மாறும். உடம்பு எடை கூடினாலும் குடித்தாலும்கூட அந்த வாய்ப்பு கூடத்தான் செய்யும். அம்மாவுக்கோ சித்திமாருக்கோ மார்பில் கட்டி வந்ததா என்று விசாரித்தார். யாருக்கும் இல்லை. உனக்கே வந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்றும் சொன்னார். இன்னொரு தட்டில் உன் தூக்கத்தையும் வேலையையும் எலும்பையும் வைத்தார். முடிவை உன்னிடம் விட்டார்.

நீ எடுத்துக்கொண்டாய். குறைந்த அளவில், நம் ஊர் மருந்துக்கடையில், சீட்டோடு, பிரேக்கோடு. டாக்டரம்மா சொன்ன நாளில் மார்பை எக்ஸ்ரே எடுக்கப் போனாய். இல்லாததைத் தேடிப் போய் வரவழைக்காதே என்று உன் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் ஞானம் பேசினார். சில வருஷம் கழித்து ஒரு நாள், "போதும்டா, இப்ப தட்டு அந்தப் பக்கம் சாயுது," என்று என்னிடம் சொல்லிவிட்டு, டாக்டரம்மாவோடு கலந்து பேசி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியும் விட்டாய். எடுத்ததற்கும் ஊரைக் கூட்டவில்லை, விட்டதற்கும் மேளம் அடிக்கவில்லை. அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் வண்டி ஓட்டினாய், அந்த லாரி வரும்வரை.

நேற்றைய நீதிமன்றத்துக்கு வருகிறேன். ஜெல்லால் உனக்குத் தலை சுற்றியிருக்கும், தலை சுற்றியதால்தான் லாரி மோதியது என்று சித்தப்பா விளக்கினார். பின்னால் வந்த லாரிக்குத்தான் தலை சுற்றியிருக்க வேண்டும், அதற்கு யார் ஜெல் தடவினார்கள் என்று கேட்டேன். அதைச் சபை கண்டுகொள்ளவில்லை. "உங்க அக்காவை வாரிக் குடுத்தது பத்தாதா மாப்ள? என் பொண்ணையும் குடுக்கணுமா?" என்றார் உன் வீட்டுக்காரர். நிஜமாகவே அழுதார். அவர் கண்ணீரை நான் சந்தேகிக்கவில்லை. அதைத் துடைத்துக்கொள்ள அவர் பிடித்துக்கொண்ட துணிதான் பொய். லாரியைத் திட்டினால் அது திரும்பிப் பார்க்காது. ஜெல்லைத் திட்டினால் மகள் பயப்படுவாள். அது அவருக்குச் சௌகரியம்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன். நாடாளுமன்றமே நடுங்குகிற மாதிரி ஒரு பேருரை தயாராக இருந்தது. அதற்குள் கவிதா, அதுவரை இலைகளை மடித்துக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் கேட்டாள்.

"அப்பா, அம்மா கடைசியா அதை எப்ப தடவிச்சு?"

அவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா போனைப் பார்த்தார். போனுக்குள் அண்ணி வேறெங்கோ பார்த்தாள். ஒரே கூரைக்குக் கீழே உன்னோடு இருந்த மனிதருக்கு, நீ அதை எப்போதோ விட்டது தெரியவில்லை அக்கா. காலையில் வராந்தாவில் யாரும் கை விரித்து நிற்காததை அவர் ஒரு நாளும் கவனிக்கவில்லை. உன் சாவுக்குக் காரணம் சொல்லத் தெரிந்தவருக்கு உன் காலை தெரியவில்லை.

"விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சுப்பா. எனக்குத் தெரியும்," என்றாள். அப்புறம், "எனக்குக் குடுக்கறது கூடுதலா இல்ல. இந்த வயசுல உடம்புல இருக்க வேண்டியது இல்லாம போச்சு, அதைத்தான் திருப்பி வைக்கறாங்க. எல்லாருக்கும் நிக்கிற வயசு வர்ற வரைக்கும். அம்மாவுக்குப் போட்ட கணக்கு வேற, எனக்கு வேற. ஆபத்துன்றீங்களே, எதைவிட?" என்று கேட்டாள்.

அண்ணியின் படம் உறைந்து நின்றது. சிக்னல் போயிற்றா, மானம் போயிற்றா என்று நான் ஆராயவில்லை. தயாராக இருந்த பேருரையைப் பாயசத்தோடு விழுங்கிவிட்டு உட்கார்ந்தேன்.

உன்னிடமிருந்து நான் வண்டி ஓட்டக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் பின் சீட்டுதான் என் சிம்மாசனம். நீ எனக்கென்று வாங்கிக் கொடுத்த ஹெல்மெட்டை மட்டும் போகிற இடமெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறேன். இன்று காலை அதை மாட்டிக்கொண்டுதான் உன் வீட்டுக்குப் போனேன், கவிதா என்னை அரியாங்குப்பத்தில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தாள். கேட்டைத் திறந்தேன். ஸ்பிரிட் வாசனை. உன் வீட்டுக்காரர் பாட்டிலோடு நிற்கிறார் என்று நினைத்துக் கையை நீட்டிக்கொண்டே உள்ளே திரும்பினேன்.

அவர் இல்லை. வராந்தாவில் உன் மகள், இரண்டு கைகளையும் விரித்து, காய வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் சடாரென்று நின்றேன். அவளுக்கு இந்த விளையாட்டு தெரியாது. நான் ஏன் நிற்கிறேன் என்று பார்த்தாள். நான் நகரவில்லை. அவள் கைகள் காயும்வரை, ஹெல்மெட்டோடு, உன் வாசலில் காத்திருந்தேன்.