மேல்தெருவில் ஒரு நடமாட்டம்

ஏப்ரல் 14, 2003

விடியற்கனவில் மறுபடி ஊர் நிறைந்திருந்தது. மேல்தெருத் துருக்கியர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கினார்கள். எங்கள் தெருக் கிரேக்கர்கள் காப்பிக்கடை வாசலில் கூச்சலிட்டார்கள். கண் விழித்தால் பாதாம் மரத்தில் காற்று, அவ்வளவுதான். அறுபத்து நான்கில் சைப்ரஸ் முழுக்க நடந்த இனக் கலவரத்தில் மேல்தெரு காலியானது. எங்கள் தெரு லண்டனுக்கும் லிமசோலுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைந்தது. மிச்சம் நானும் ரொதோத்தேயாவும்.

ஏப்ரல் 17

ரொதோத்தேயாவை மகன் லார்னகாவுக்குக் கூட்டிப் போய்விட்டான். காரிலிருந்து கத்தினாள்: “எவாந்தியா, இனி நீதான் ஊர்த்தலைவி, நீதான் ஜனம், நீதான் கழுதை!” சிரித்தேன். கார் மறைந்ததும் அழுதேன்.

ஏப்ரல் 20

பாதிரியார் ஈஸ்டருக்கு இங்கே வரமாட்டாராம். “ஒருத்திக்காக மலை ஏறணுமாம்மா? நீ பக்கத்து ஊருக்கு வந்துடு.”

என் மகள் ஸ்தாலோவும் போனில் பேசினாள். “ஈஸ்டர் முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன். பேய்கூட இல்லாத ஊர்ல என்னம்மா வேலை?” சரி என்றேன். நான் போனால் ஜனத்தொகை பூஜ்யம். இத்தனை பேர் வாழ்ந்த ஊரைப் பூட்டிவிட்டுப் போகிறவள் நானா? ஏன் நான்?

ஏப்ரல் 23

துருக்கியர் பக்கமான வடக்குக்கும் எங்கள் தெற்குக்கும் நடுவே ஏறக்குறைய முப்பது வருஷமாய் மூடிக்கிடந்த எல்லையைத் திறந்துவிட்டார்களாம். வானொலி சொல்கிறது. நம்பவில்லை.

ஏப்ரல் 27, ஈஸ்டர்

மூடுபனிக்குள் மேல்தெருவில் ஒரு பெண் நடந்துபோனாள். கனவென்றே ஜன்னலில் நின்று பார்த்தேன். “இன்னுமா இங்க ரோடு போடல? சேறு!” — கனவில் யாரும் இப்படித் திட்டமாட்டார்கள். நசிஃபே! சின்ன வயதில் என்னோடு ஆடு மேய்த்த, கலவரத்தில் ஊரைவிட்டுப் போய் வடக்கில் தங்கிவிட்ட நசிஃபே. கூரை விழுந்த தன் வீட்டு முன் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள்.

மேசையில் ஈஸ்டருக்குச் சாயமேற்றிய சிவப்பு முட்டைகள். தனியாக உடைக்க மனம் வரவில்லை. ஒருத்தி ஈஸ்டர் வாழ்த்தைச் சொல்லித் தன் முட்டையை மோத, மற்றவள் பதில் சொல்ல வேண்டும்; யார் முட்டை உடைகிறதோ அவள் தோற்றாள். நசிஃபே ஒன்றை எடுத்து முஷ்டிக்குள் பிடித்தாள். “ம், சொல்லுடி.”

“கிறிஸ்து உயிர்த்தார்.”

“மெய்யாகவே உயிர்த்தார்” என்றாள் அந்த முஸ்லிம் மகராசி, கொஞ்சமும் தயங்காமல். என் முட்டை நொறுங்கியது. “அப்பவும் தோத்த, இப்பவும் தோக்கற!” தோற்றதில் இவ்வளவு சந்தோஷமா!

ஏப்ரல் 28

ஸ்தாலோவை இப்போது வரவேண்டாம் என்றேன். வீட்டில் விருந்தாளி.

மே 11

விருந்தாளி இன்னும் போகவில்லை. “அங்க எனக்காக யாரு காத்திருக்கா? புருஷன் மண்ணுல, பசங்க லண்டன்ல” என்கிறாள்.

இன்று ஸ்தாலோ வந்துவிட்டாள். காராமணிக்கு எத்தனை எலுமிச்சை பிழிவது என்று நானும் நசிஃபேயும் சண்டைபோட்டுக்கொண்டிருந்தோம். மகள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கிளம்பலாமா என்று கேட்கவேயில்லை. காரில் ஏறும்போதுதான் கேட்டாள்: “அடுத்த வாரம் உங்க ரெண்டு பேருக்கும் என்ன வாங்கிட்டு வரட்டும்?”