இடது கை கணக்கில் சேராது

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்கக் கை வரவில்லை. போனில் சொன்னால் நடுவில் நீ திட்டுவாய், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

அப்பாவின் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. வாக்கர் இல்லாமல் குளியலறை வரை போகிறார். வலது கைதான் மெதுவாக வருகிறது. பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி பெண், சும்மா பந்தை அழுத்தச் சொல்லி அவர் உயிரை எடுக்காதீர்கள், பிடித்ததை விளையாட விடுங்கள் என்றார். கட்டிலுக்கடியில் கிடந்த கேரம் போர்டை எடுத்துத் துடைத்து வைத்தேன். மாடிவீட்டுத் தையல்காரர் தினமும் மாலையில் வந்து எதிரே உட்கார்ந்தார்.

அதோடு நான் என் வேலையைப் பார்த்திருக்கலாம். தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கிற புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. நாற்பது முறை அடித்தால் எத்தனை காய் விழுகிறது என்று சுவரில் வரைபடம் ஒட்டினேன். இரண்டு வாரத்தில் ஐந்து பதினொன்றானது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்பா அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பக்கூட இல்லை. அப்போது அது என் கண்ணில் படவில்லை.

ஒருநாள் தையல்காரர் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரம், அப்பா சிவப்புக் காயை இடது கையால் குழிக்குள் தள்ளிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பக்கவாதம் வந்தும் உன் அழுகுணி ஆட்டம் மட்டும் போகலையேடா" என்றார் தையல்காரர்.

இருவரும் சிரித்தார்கள். வாய் ஒரு பக்கம் கோண, எச்சில் ஒழுக, அப்பா அப்படிச் சிரித்தார். நான் நடுவில் புகுந்து, இடது கை கணக்கில் சேராது, முதலிலிருந்து அடியுங்கள் என்றேன்.

'ம்', 'வா', 'போ' தவிர நாலு மாதமாகப் பேச்சில்லாத மனிதர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வெ...யாட்டுப்பா."

வெறும் விளையாட்டுதானே, விடு என்று கேட்டிருக்கிறார். என் காதில் விழுந்தது ஓர் எழுத்து விடுபட்டது மட்டும்.

"'ளை' சரியா வரலை. திருப்பிச் சொல்லுங்க" என்றேன்.

அவர் திருப்பிச் சொல்லவில்லை. ஸ்டிரைக்கரைக் கீழே வைத்தார். இன்றோடு பத்தொன்பது நாள். பிறகு 'ம்' கூட இல்லை. வரைபடத்தைக் கிழித்துப் போட்டேன். மன்னிப்பும் கேட்டேன், அதையும் ஏதோ ரிப்போர்ட் வாசிப்பது போலத்தான் கேட்டிருப்பேன். தலையை மட்டும் அசைத்தார். தையல்காரர் வந்து அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறார். என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டாலும் வா. சின்ன வயதில் அவரிடம் தோற்றுவிட்டு, அழுது ஆர்ப்பாட்டம் செய்து சண்டை பிடித்தவள் நீ. எனக்கு அது வராது. அவர் எதிரே உட்கார்ந்து எதையாவது விளையாடு. நான் பக்கத்து அறையில் இருந்துகொள்கிறேன். அவர் குரல் கேட்டால் போதும். என்ன சொன்னார் என்று வந்து கேட்கமாட்டேன்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
தம்பி