கிடைத்த குதிரைக்கு என்ன தருவாய்

ஏப்ரல் 9
பனி உருகி வந்த வெள்ளம் ஓடைப் பாலத்தை அடித்துக்கொண்டுபோன வருடம் இது. எனக்கு மேல்பல்வரிசை கட்டியதும் இதே வருடம்தான். எழுத்து தெரியாத நான் பேசப் பேச, போன் எழுதிக்கொள்கிறது. மருமகள் ஐசல்கின் பழக்கிவிட்டாள்.

மலையில் தொலைந்த குதிரை, மாடுகளைத் தேடித்தரும் செயலியையும் அவளேதான் செய்திருக்கிறாள். வழியில் கண்டவர் அதன் தொடையிலுள்ள சூட்டுக்குறியைப் படமெடுத்துப் போட்டால் உடையவருக்குத் தகவல் போகும். நல்ல வேலைதான். அதற்குச் சோறு போடுவது யார்? இலையுதிர்காலத்துக்குள் அது தன் காலில் நிற்காவிட்டால், பேரப்பிள்ளைகளோடு ரஷ்யாவுக்குக் கிடங்கு வேலைக்குப் போவதாக மகன் துராத் சொல்லிவிட்டான்.

ஏப்ரல் 30
மாதச் சந்தா வைத்தார்கள். சேர்ந்தது பதினோரு பேர். பக்கத்து வீட்டு புரூல் வாசலில் நின்று கத்தினாள்:

"என் பசு தொலையறதுக்கு முன்னாடியே மாசாமாசம் காசு கட்டணுமா? என் பசு உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு?"

ஐசல்கின் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பல்வரிசை கழன்றுவிட்டது.

மே 17
அடுத்தது விளம்பரம். தொலைந்த கிடாரியின் படத்துக்குக் கீழே சூதாட்ட விளம்பரம் வந்தது. மறுநாளே எடுத்துவிட்டாள்.

ஜூன் 2
தேநீர் குடிக்கும்போது ஐசல்கின் கேட்டாள்: "மாமா, உங்க குதிரையைப் பார்த்தேன்னு ஒருத்தர் வந்து சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"சுயூன்சு கொடுப்பேன். நல்ல சேதி கொண்டாந்தவனை வெறுங்கையோடயா அனுப்புவாங்க?"

"அதுதான் நம்ம வழி. கிடைச்ச பிறகு அவங்க இஷ்டம்போல கொடுக்கட்டும். பாதி பார்த்தவருக்கு, பாதி நமக்கு. யார் என்ன கொடுத்தாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

"இஷ்டம்போலன்னா ஒரு தட்டு பணியாரம்தான் வரும்" என்றான் துராத்.

நானும் அவன் பக்கம்தான். சுயூன்சுவை வியாபாரமாக்குவதா? கூச்சமாக இருந்தது. சொல்லியும் விட்டேன்.

"விலைன்னா நான் சொல்லணும் மாமா. இது அவங்களா கொடுக்கறது."



ஜூலை 20
புரூலின் பசு கிடைத்தது. ஊர் பார்க்கிறதே என்று மூன்று மாதச் சந்தாவுக்கு மேலேயே கொடுத்தாள்.

ஆகஸ்ட் 28
துராத் கிடங்குக்காரனைப் போனில் கூப்பிட்டு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னான். நான் காது கேட்காதவன்போல் சேணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை துடைத்தேன்.

செப்டம்பர் 14
காலையில் ஒரு கிழவன் வாலில் கொழுப்பு திரண்ட ஆட்டை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"யோவ், உன் மருமக போன்லயே சுயூன்சு அனுப்பலாம்கறா. தொலைஞ்ச என் குதிரை நாலு கால்ல நடந்து வந்திருக்கு. நான் விரலால அமுக்கி அனுப்பவா?"

"பாதி பார்த்தவருக்குப் போகணுமே ஐயா!" என்றாள் ஐசல்கின்.

"கொழுப்பு வால் அவனுக்கு. தலை உன் மாமனார் கிழவனுக்கு. மூளையாவது ஊறட்டும்!"

பேரப்பிள்ளைகள் ஆட்டைச் சுற்றி ஓடினார்கள். அவர்களுக்கு இங்கேயே பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரமாகிறது.

கூட்டுப்பண்ணையில் குதிரை மேய்த்தவர்கள் நாங்கள் ஐந்து பேர். பெர்திகுல், கணவாய்ப் பனியில் சிக்கி இறந்துபோனான். ஜோலோய் நெஞ்சுவலியில். ஒரோஸ்பாய், தன் மகள் கல்யாணத்துக்கு மறுநாள். என்னை விட்டால் இன்று உயிரோடிருப்பது, அந்த ஆட்டை இழுத்துக்கொண்டு வந்த கஞ்சன் சகின்பாய் ஒருவன்தான்.