பெரியது சின்னதை முந்திய நாள்

நேற்றுக் காலை திருநெல்வேலிச் சந்தையருகே ஒரு பேக்கரிக்காரர் குளுக்கோஸ் பாகு வாளியைத் திறந்தார். அந்த மந்தமான இனிப்பு வாசம் எட்டியதும் சைக்கிளை நிறுத்திவிட்டேன். ஒரு வருடம் நமது ஆய்வுகூடம் முழுக்க மணந்த வாசம், உன் கூந்தலில்கூட.

இணுவில் தோட்டக்காரரின் மகள் நீ. பருத்தித்துறைக் கடற்கரையில் வளர்ந்தவள் நான். முதுகலை ஆய்வில் சேர்ந்தோம். சுண்ணாம்புக்கல் ஊரில் இருந்துகொண்டு உருகிய பாறையை ஏன் ஆராய்கிறீர்கள் என்று கேட்காதவர் இல்லை. "பூமிக்குக் கீழை எல்லா ஊரும் ஒண்டுதான்" என்பாய்.

ஆழத்தில் பாறை முழுதாக உருகுவதில்லை. அதன் கனிம மணிகளுக்கிடையே கொஞ்சம் கசிகிறது. வெடிப்பே இல்லாத பாறைக்குள் அது எப்படி ஏறுகிறது? நீண்ட காலத்தில் திடப்பாறையும் கெட்டிப் பாகுபோல அசையும் என்றாய். மேலே விலகி வழிவிடும், கீழே மூடித் தள்ளும். உருகியது வீக்கங்களாகத் திரண்டு ஏறும். பெரிய வீக்கம் வேகமாக ஏறிச் சின்னதைப் பிடித்தாலும் இரண்டும் குலையாமல் பிரியும் என்றது நம் கணக்கு. கண்ணால் காட்டுங்கள் என்றார்கள் பேராசிரியர்கள்.

உயரமான கண்ணாடிக் குழாயில் கெட்டிப் பாகை நிரப்பி, சிவப்புச் சாயமிட்டு இளக்கிய பாகை அடியிலிருந்து ஊசியால் செலுத்தினோம். காற்றுக் குமிழி, வெக்கை, மின்வெட்டு என்று பதினொரு தடவை தோற்றோம். பிறகு உனக்கு இரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

"நீ தனியச் செய்யடி. நான் போனிலை பாக்கிறன்."

பன்னிரண்டாம் தடவை. மெல்லிய சிவப்புத் தண்டு எழுந்தது. அதில் ஒரு சின்ன வீக்கத்தை விட்டேன், பின்னாலேயே பெரியதை. பெரியது தொட்டது; இரண்டும் ஒன்றாகின. போச்சு என்று நினைத்தேன். போனில், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நீ திரையருகே குனிந்தாய். அப்போது பெரியது கழன்று முன்னால் ஏறியது. சின்னது வடிவம் குலையாமல் பின்னால் வந்தது.

"முந்தீட்டுதடி! ரெண்டும் முழுசா இருக்கு!"

நீ கத்தியதில் தாதி ஓடிவந்தார். "என்ன பிள்ளை, நோகுதோ?"

"இல்லை மிஸி, வெண்டிட்டம்!"

தாதி போனதும் நீ கேட்டாய்: "மூண்டு வந்தால் என்னடி நடக்கும்?"

மூன்று கிழமையில் நீ போய்விட்டாய். நம் கட்டுரை வெளியானது, முதற்பெயர் உன்னுடையது. அதை உன் அம்மாவிடம் கொடுத்தபோது, அயலவர்களைக் கூப்பிட்டு உன் பெயரை உரக்க வாசித்துக் காட்டினார்.

இந்த மாதம் இன்னும் உயரமான குழாய் செய்வித்திருக்கிறேன். மூன்றையும் ஏற்றப்போகிறேன். நீ விட்டுப்போன கேள்வி என்னிடம்தான் இருக்கிறது. அதை ஒரு நாளும் நான் இறக்கி வைக்கவில்லை.